நாற்பத்தாறு தூண்டில்

எங்கள் கொட்டிலில் நன்றி சொன்னால் ஏச்சுத்தான் விழும். நான் வேலைக்கு வந்த முதல் மாரியில், என் தொட்டிக்குள் யாரோ முப்பது தூண்டிலுக்கு இரை குத்தி வைத்திருப்பதைக் கண்டுவிட்டு, பக்கத்து மேசையில் நின்ற போர்க்ஹில்டிடம் நன்றி என்றேன். அவள் கையிலிருந்த கானாங்கெளுத்தி வாலை என் முகத்தில் எறிந்தாள். "உன்ர சோலியைப் பார்," என்றாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து இப்போது நினைத்தாலும் வருகிறது, ஆனால் காரணம் வேறு.

வடகோடிக் கடலோர ஊரான ஸ்கார்வ்னெஸில் கொட்டில் என்றால் படகுத்துறைக்கு மேலே மரக்கால்களில் நிற்கும் மஞ்சள் கட்டடம்தான். உள்ளே நாலு மேசை, ஒரு எண்ணெய் அடுப்பு, ஓயாமல் இரைகிற வானொலி. படகுகள் கொண்டுவந்து போடும், தூண்டில் கோத்த நெடுங்கயிறுகளை அவிழ்த்து, சிக்கெடுத்து, பழைய இரையைப் பிடுங்கி, ஒவ்வொரு தூண்டிலுக்கும் புது இரை குத்தி, வட்டம் வட்டமாகத் தொட்டிக்குள் சுற்றி வைக்க வேண்டும். ஒரு தொட்டிக்கு நானூறு தூண்டில். முழு நாளும் நின்ற நிலை. கால் மரத்துப்போகும், விரல் உப்பிப்போகும், தலைமயிர் வரைக்கும் மீன் நாறும்.

யாராவது பிந்திவிட்டால், காய்ச்சலோ, பிள்ளைக்குச் சுகமில்லையோ, முதல்நாள் குடித்த வெறி இறங்கவில்லையோ, அவர் அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து அருகில் நிற்பவர் எட்டிப் பத்துத் தூண்டில் குத்திவிடுவார். வந்தவர் ஒன்றும் கேட்க மாட்டார். குத்தியவரும் சொல்ல மாட்டார். மறுநாள் அவருக்கு இவர் குத்துவார். இதற்கு இங்கே ஒரு பெயர்கூடக் கிடையாது.

நாங்கள் நாலு பேர். போர்க்ஹில்ட், மாக்னார், யோருண், நான். மாக்னாருக்கு அறுபத்தாறு வயது. வாயைத் திறந்தால் வருகிற சொல்லில் பாதியை அச்சில் போட முடியாது, மீதியைப் போட்டால் என் பிள்ளைகள் என்னோடு கதைக்க மாட்டார்கள். யோருண் கதைப்பதே இல்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே சிலவேளை மறந்துபோகும். போர்க்ஹில்ட்தான் எங்களில் வேகம். ஐம்பத்தெட்டு வயதிலும் நாளைக்கு ஆறு தொட்டி. அவள் புருஷன் ஆர்விட்டின் படகு அந்தத் தொட்டிகளை நம்பித்தான் ஓடியது. அவள் குத்துவாள், அவர் கடலில் விடுவார். முப்பத்தேழு வருஷமாக அந்த வீடு அப்படித்தான் சாப்பிட்டது.

தை மாதம், சூரியன் எட்டியும் பார்க்காத காலம். காலையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது போர்க்ஹில்டின் கையிலிருந்து தூண்டில் விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"ஆரடா என்ர கையைப் பிடிக்கிறது?" என்றாள்.

"எனக்கு வேற இடமெல்லாம் இருக்கேக்கை உன்ர கையைப் பிடிக்க எனக்கென்ன விசரோ?" என்றார் மாக்னார்.

நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஒரு பக்கத்தால் மட்டும். அதைக் கண்ட பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது. அவசர ஹெலிகொப்டர் பனிப்புயலில் இறங்க முடியாமல் இரண்டு தடவை சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. கடைசியில் படகில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானம். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு நேரம் தப்பிவிட்டது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். பேச்சு வந்தது. கால் மெல்ல மெல்ல வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

பங்குனி தொடக்கத்தில் வீட்டுக்கு வந்தாள். வரும்போது கூடவே ஒரு பெண்ணையும் கூட்டிவந்தாள். தூவா என்று பெயர். நகரத்து மறுவாழ்வு வைத்தியசாலையில் பாரிசவாதம் வந்தவர்களின் கைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. முப்பது வயதிருக்கும். தெற்கத்தி ஆள். மீன் நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் நின்றதிலேயே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

"கை சாகேல்லை," என்றாள் எங்களைப் பார்த்து. "மூளை அந்தக் கையைக் கைவிட்டுட்டுது. நல்ல கை எல்லாத்தையும் செய்து குடுக்கிற வரைக்கும் மற்றக் கையை அது தேடாது. அதால நல்ல கையைக் கட்டிப்போடுறம். நாளைக்கு ஆறு மணித்தியாலம். வேற வழியில்லை எண்டால்தான் மூளை பழைய கையைத் தேடி வரும்."

"அப்ப என்ர வாயைக் கட்டினா எனக்கும் மூளை வேலை செய்யுமோ?" என்றார் மாக்னார்.

"உனக்குத் தேடி வர அங்க ஒண்டுமில்லை," என்றாள் போர்க்ஹில்ட். குரல் கொஞ்சம் வழுக்கியது, ஆனால் வாய் பழைய வாய்தான். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

இடது கையில் அடுப்புச் சட்டி தூக்குகிற கையுறை போலத் தடித்த ஒன்றை மாட்டி மணிக்கட்டில் பட்டி போட்டார்கள். இனி வீட்டுப் பயிற்சிக்கு ஒரு இலக்கு எழுத வேண்டும் என்றாள் தூவா. கோப்பை தூக்குவது, சட்டைப் பொத்தான் பூட்டுவது என்று நாலைந்து சொன்னாள்.

"கோப்பை பிடிக்கிறதுக்கோ நான் உவ்வளவு பாடுபடுறது?" என்றாள் போர்க்ஹில்ட். "தூண்டில் எண்டு எழுது, பிள்ளை."

"எத்தினை?"

"மணித்தியாலத்துக்கு நாப்பது."

நல்ல காலத்தில் அவள் மணித்தியாலத்தில் முந்நூறு குத்துவாள். தூவாவுக்கு அது தெரியாது. எழுதிக்கொண்டாள். ஆர்விட் ஒரு மரக்கட்டையில் வெட்டுப் போட்டு, தூண்டில் முனை மேலே பார்க்கும்படி நிறுத்திப் பிடிக்கிற ஒரு கவ்வியைச் செய்து அவள் மேசையில் முடுக்கியிருந்தார். வலது கை விரலால் இரைத்துண்டை எடுத்து அந்த முனையில் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அன்று தூவாவுக்கு முன்னால் செய்து பார்த்தபோது ஒரு மணித்தியாலத்தில் ஏழு குத்தினாள்.

தூவா ஒழுங்குகளைச் சொன்னாள். ஒவ்வொரு கால் மணித்தியாலத்துக்கும் ஐந்து நிமிடம் கையை வெந்நீரில் வைத்து விரல்களை விரிக்க வேண்டும். குத்தியதை எண்ணி அன்றன்று கொப்பியில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அவள் தொலைபேசியில் கேட்பாள்.

"நாலாம் கிழமை வெள்ளிக்கிழமை பட்டியல் முடியும்," என்றாள். "கை அசையத் தொடங்கி நடுவில நிக்கிற ஆக்களை மட்டும் இன்னொரு மூண்டு கிழமைக்கு உள்ள எடுப்பம். முழுநாள் பயிற்சி. ஆறு இடம்தான் இருக்கு. இலக்கைத் தொட்ட ஆக்களுக்கு அது தேவையில்லை. எட்டாம் கிழமை நானே வந்து படம் பிடிச்சுப் பாப்பன்." பிறகு எங்கள் மூன்று பேரையும் தனித்தனியே பார்த்தாள். "ஒருத்தரும் உதவி செய்யக் கூடாது. எவ்வளவு கஷ்டமா இருந்தாலும். அன்பாலதான் கன கை பழுதாப்போறது."

நாங்கள் தலையாட்டினோம். சொன்னபடி நடக்கவும் செய்தோம். கதவை அவளுக்காக ஒருவரும் திறக்கவில்லை. அவள் தோளால் தள்ளித் திறந்து, பனியோடு உள்ளே விழாக்குறையாக வருவாள், பார்த்துக்கொண்டு நிற்போம். கோப்பி ஊற்றிக்கொடுக்கவில்லை. முதல்நாள் அவள் கோப்பியைத் தன் காலில் ஊற்றிக்கொண்டபோது மாக்னார் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு நின்றார். தொட்டியை நகர்த்திக் கொடுக்கவில்லை. கீழே விழுந்த இரைத்துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை. உதவி என்று எங்களுக்குத் தெரிந்த ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை.

ஆனால் அவள் வெந்நீரில் கை வைக்கப் பின்னறைக்குப் போன முதல் ஐந்து நிமிடத்திலேயே நான் எட்டி அவள் தொட்டியில் இரண்டு குத்தினேன்.

யோசித்துச் செய்யவில்லை. என் மேல் ஆணையாகச் சொல்கிறேன், யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். பக்கத்தில் ஒரு தொட்டி வெறுமையாகக் கிடக்கிறது, ஆள் அந்தப் பக்கம் போய்விட்டாள், கையில் இரை இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை அதைத்தான் செய்துவந்தது. மூக்கு அரித்தால் சொறிகிற மாதிரித்தான். நான் மறுபக்கம் திரும்பிய நேரத்தில் மாக்னார் செய்தது எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் கோப்பிக்குப் போன நேரத்தில் யோருண் செய்தது இரண்டு பேருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் நான் மட்டும் இரண்டு மூன்று என்று இருந்தோம்.

பத்து மணியிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் தொட்டியில் ஏறியதை எண்ண, பதினொரு மணிக்கு ஆர்விட் படகிலிருந்து ஏணியில் ஏறி வருவார். ஒருநாளைக்கு ஒரு வசனம் கதைக்கிற மனிதர். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு மேல் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். போர்க்ஹில்டின் கை எழுத வராது என்பதால் அவரே கொப்பியில் எழுதுவார். முதல் கிழமை முடிவில் பதின்மூன்று. அடுத்த கிழமை பதினேழு. அதற்கடுத்தது முப்பத்தொன்று.

"முப்பத்தொண்டு," என்றார் அன்று. அதுதான் அன்றைய வசனம் என்று நினைத்தோம். ஏணியில் பாதி இறங்கியவர் திரும்பி மேலே வந்து இன்னொன்றும் சொன்னார். "படகை விலைக்குக் கேட்டு அடுத்த குடாவில இருந்து வந்தவனை நான் போகச் சொல்லிப்போட்டன்."

அந்த முப்பத்தொன்றைக் கேட்டபோது எனக்கு உள்ளே ஏதோ இடறியது. நான் அன்றைக்குக் குத்தியது எட்டு. அப்படியென்றால் அவள் இருபத்துமூன்று குத்தியிருக்க வேண்டும். அவள் விரல்களைப் பார்த்தேன். இரைத்துண்டைப் பிடிக்க வேண்டியவை அதன் மேல் தடவிக்கொண்டு நின்றன. ஒரு துண்டை முனையில் கொண்டுபோய் அழுத்த அவளுக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. வேர்வை மூக்கு நுனியால் வடிந்தது. ஆனாலும் நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆராய்ச்சி செய்கிற பிள்ளை சொல்லியிருக்கிறாள், மூளை தேடி வரும் என்று. வந்துவிட்டது என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நல்லது நடக்கும்போது குறுக்கே நின்று எண்ணுகிற ஆளாக யார் இருப்பது?

நாலாம் கிழமை வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு.

தூவா தொலைபேசியில் கத்திய சந்தோஷம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. வாழ்த்துகள் என்றாள். உங்கள் கோடு மற்ற எல்லோருடைய கோட்டையும் விட நேரே மேலே போகிறது என்றாள். இனி உள்ளே வரத் தேவையில்லை, இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கிறோம் என்றாள். போர்க்ஹில்ட் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். கையுறையைக் கழற்றவில்லை. அடுத்த துண்டை எடுக்கப் போனாள்.

அன்று மாலை ஆர்விட் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த வீட்டில் அவர் ஒருவரைக் கூப்பிட்டதை நான் கண்டது அதுதான் முதல் தடவை. அன்று பிடித்த கொட் மீனை அவித்து, ஈரலும் சினையும் தனித்தனிச் சட்டியில் வைத்து, உருளைக்கிழங்கு உடையாமல் எடுத்திருந்தார். எனக்கென்று காய்ந்த மிளகாய்த்தூள் போத்தலைக்கூட எங்கேயோ தேடி வாங்கியிருந்தார். போர்க்ஹில்ட் இடது கையால் சாப்பிட்டாள். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் உள்ளே மடங்கி, கிண்ணம் போலக் கவிழ்ந்து கிடந்தது. முள்ளுக்கரண்டியை அதில் வைத்தால் விழுந்துவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் பார்ப்பதை ஆர்விட் கண்டுவிட்டார். "களைச்சுப்போச்சு," என்றார். "பகல் நாப்பத்தாறு குத்தின கை."

அவர் எழும்பி, குளிர்பெட்டியிலிருந்து, கோடையில் சதுப்பில் பறித்துவைத்த மல்ட்டப் பழம் எடுத்துவரக் கீழே போனார். போகும்போது விசிலடித்தார். படியிறங்கும் சத்தத்தோடு விசிலும் இறங்கிப் போனது.

"போர்க்ஹில்ட், நான் ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லாதை."

"உன்ர தொட்டியில நான்..."

"தெரியும்."

"மாக்னாரும் எண்டு நினைக்கிறன்."

"மாக்னாரும்தான். யோருணும்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ துண்டை வால்பக்கத்தால குத்துவாய். மாக்னார் குத்தினா முனை வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும். யோருண் ரெண்டு தரம் மடிச்சுக் குத்துவாள். முப்பத்தேழு வருஷம் நான் உந்தக் கொட்டிலில நிண்டது மீன் மணக்கவோ?"

"தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனி?"

"என்னெண்டு சொல்லுறது? உங்கட முகத்துக்கு முன்னால நீங்கள் குத்தினதைப் பிடுங்கி எறியிறதோ? நீ வந்த காலத்தில நான் உனக்கு எத்தினை நாள் குத்தினனான். நீ ஒருநாள் பிடுங்கி எறிஞ்சனியோ?"

"அது வேற."

"எனக்கும் அது வேற எண்டு தெரியும். ஆனா வாய் வரேல்லை. முதல்நாள் நினைச்சன், நாளைக்குச் சொல்லுவம். அடுத்த நாள் இந்த மனிசன் குனிஞ்சு எண்ணுது. அதின்ர பிடரியைப் பாத்துக்கொண்டு நிண்டன். தை மாசத்துக்குப் பிறகு இந்த வீட்டில ஒரு சத்தம் இல்லை, பவளம். ஒரு சத்தம் இல்லை. பதினேழு எண்டு எழுதின அண்டைக்கு வீட்டை வந்து விசிலடிச்சுது. நான் என்ன செய்ய? விசிலை நிப்பாட்டவோ?"

"தூவாவுக்கு இப்பவே ஃபோன் எடுப்பம். நான் கதைக்கிறன். பிழை எங்கட எண்டு சொல்லுறன்."

"பட்டியல் முடிஞ்சுது. ஆரோ ஒரு ஆள் அங்க போக இப்ப இருந்து பெட்டி அடுக்கும். அந்த ஆளை இறக்கச் சொல்லி நீ கேக்கப் போறியோ?" அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள், ஒரு சாமானை வைப்பது போல. "இன்னொண்டும் கேள். உங்களில எனக்குக் கோவம் இல்லை எண்டு நினையாதை. இருக்கு. வயிறு எரியுது. நல்ல ஆக்களில கோவிக்கிறது எவ்வளவு கரைச்சல் எண்டு உனக்குத் தெரியாது. நீ வாயைத் திறந்தியெண்டா இந்த வாசல் மிதியாதை."

கீழேயிருந்து விசில் ஏறி வந்தது. ஆர்விட் பழத்தைச் சின்னக் கிண்ணங்களில் போட்டு, மேலே கிறீம் ஊற்றி, எனக்கு முதலில் தந்தார். நல்லாயிருக்கு என்றேன். நல்லாயிருக்கு என்று போர்க்ஹில்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை நான் மாக்னாரைத் துறைமுகத்து ஓரத்துக்குக் கூப்பிட்டு, "இனிக் குத்தாதை," என்றேன்.

"என்னத்தை?"

"அவளின்ர தொட்டியில."

"நான் மூண்டு நாலுதானே," என்றார் சிறுபிள்ளை போல. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீயுமோ?" என்றார். அதற்குப் பிறகு வழக்கமான சொற்களெல்லாம் வந்தன. எல்லாம் தன்னைத்தானே திட்டியவை. யோருணிடம் நான் சொன்னபோது அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அந்த வெள்ளியோடு எண்ணுவதும் முடிந்திருந்தது. ஆர்விட் படகைக் கரையில் ஏற்றி அடியைச் சுரண்டிப் பூச்சு அடித்தார், கோடைப் பருவத்துக்குப் புதுக் கயிறு சொல்லிவைத்தார். ஏணியில் ஏறி வர அவருக்கு நேரமில்லை. போர்க்ஹில்ட் ஒவ்வொரு நாளும் வந்தாள். கையுறையைப் பல்லால் இறுக்கினாள். கால் மணித்தியாலம் குத்தி, ஐந்து நிமிடம் வெந்நீரில் வைத்தாள். இப்போது தொட்டியில் இருப்பதெல்லாம் அவள் குத்தியது மட்டும். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எவ்வளவு பாடு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கைக்குத் தடை போட்டது எங்களுக்கும்தான்.

சித்திரை முடிவில் தூவா வந்தாள். பனி உருகி ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. ஆர்விட் கழுவிய கம்பளிச் சட்டை போட்டு, மயிரைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். தூவா முக்காலித் தாங்கியில் கமராவை நிறுத்தி, எங்களை அடுப்புப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னாள். மணிக்கூட்டைப் பார்த்து, "தொடங்கலாம்," என்றாள்.

ஒரு மணித்தியாலம் நின்றோம். போர்க்ஹில்ட் ஒரு துண்டை எடுப்பாள், அது வழுக்கும், மறுபடி எடுப்பாள், கவ்விக்கு மேலே கொண்டுபோவாள், தோள் நடுங்கும், முழுப் பாரத்தையும் போட்டு அழுத்துவாள். ஏறும். அடுத்தது. இடைவேளையில் அவள் பின்னறைக்குப் போனபோது அந்தத் தொட்டியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மாக்னார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினொண்டு," என்றாள் தூவா.

ஆர்விட் தானும் குனிந்து எண்ணினார். பிறகு திரும்ப எண்ணினார்.

"இண்டைக்குக் கை குளிர்ந்துபோச்சு, பிள்ளை," என்றாள் போர்க்ஹில்ட். "சிலநாள் இப்பிடித்தான்."

தூவா கொப்பியைப் புரட்டினாள். நாற்பத்தாறு என்று எழுதிய பக்கத்தில் விரலை வைத்தாள். அவள் மடைச்சியல்ல. "ஆராவது உதவி செய்தனீங்களோ?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் யோருண் கதைத்தாள். அந்த வருஷத்தில் அவள் கதைத்த முதல் வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

"உதவி ஒண்டும் செய்யேல்லை," என்றாள், நேர்மையாக, கொஞ்சம் கோபமாகவும்கூட. "நீங்கள் சொன்னபடி ஒரு கதவுகூடத் திறந்து விடேல்லை. இடைவேளையில தொட்டியில கொஞ்சம் குத்தினம். அவ்வளவுதான்."

தூவா கதிரையில் உட்கார்ந்தாள். எங்களை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஏழில தொடங்கினது," என்றாள் மெதுவாக. "ஆரும் இல்லாமல், தன்ர பாட்டில, பதினொண்டுக்கு வந்திருக்கு. உந்தக் கை நடுவில நிக்கிற கை. அண்டைக்கு ஒன்பதோ பத்தோ எண்டு உள்ளதை எழுதியிருந்தால் பட்டியலில முதல் பேர் உங்கட பேர்தான்."

"அடுத்த முறை?" என்று கேட்டேன்.

"அடுத்தது மாரி தொடங்கேக்கை. பாரிசவாதம் வந்து ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற ஆக்களைத்தான் எடுக்க ஏலும்."

"ஆராய்ச்சிக்காவது உது உதவட்டும்," என்றாள் போர்க்ஹில்ட். "பதினொண்டு எண்டு திருத்தி எழுது."

தூவா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏலாது. கொப்பி பிழையெண்டால் ஆராய்ச்சியில இருந்து ஆளை முழுசா நீக்க வேணும். எல்லாத்தையும்."

"அப்ப என்ர பதினொண்டும் இல்லையோ?"

"இல்லை."

அதுவரை தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்ற ஆர்விட் நிமிர்ந்தார். மாக்னாரைப் பார்த்தார், யோருணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் போர்க்ஹில்டை.

"அப்ப நான் எண்ணினது ஆரின்ர கை?" என்றார்.

அக்குளிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கிப் போனார். ஜன்னலால் பார்த்தேன். புதுப் பூச்சு அடித்த படகுக்குப் பக்கத்தில் நின்றார். அதில் கை வைக்கவில்லை. வைகாசி நடுவில் அடுத்த குடாக்காரன் வந்து அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். ஆர்விட் இப்போது மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். வீதியில் கண்டால் தலையாட்டுவார். விசில் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

போர்க்ஹில்ட் வேலைக்கு வருகிறாள். சம்பளம் இல்லை, இலக்கு இல்லை, வெள்ளிக்கிழமை யாரும் கேட்பதும் இல்லை. தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். கையுறையை மாட்டிப் பல்லால் பட்டியை இழுக்கிறாள். எங்களோடு கதைக்கிறாள், மாக்னாருக்குத் திருப்பிக் கொடுக்கிறாள், கோப்பியைச் சிந்திக்கொண்டு குடிக்கிறாள். வெளியாள் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை என்றுதான் நினைப்பார்.

கால் மணித்தியாலம் ஆனதும் பல்லால் பட்டியை அவிழ்த்து இடது கையை விடுவிக்கிறாள். தொட்டியின் கயிற்றுப் பிடியை அந்தக் கையால் பிடித்து, மேசையிலிருந்து நிலத்தில் இறக்குகிறாள். பிறகு அதைத் தன்னோடு பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். காலும் கொஞ்சம் இழுபடும். கதவைச் சாத்துகிறாள். ஐந்து நிமிடம் கழித்து அதே தொட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறாள்.

பலகைத் தரையில் அந்தத் தொட்டி உரசிப் போகும்போது நாங்கள் மூன்று பேரும் தலை நிமிர்வதில்லை. அவரவர் தூண்டிலைக் குத்திக்கொண்டிருக்கிறோம்.